சமாரியரின் பையில் இருந்த எண்ணெய்

நல்ல சமாரியர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். குருவும் லேவியரும் விலகிச் சென்றதையும், அயலினத்தார் ஒருவர் பரிவு கொண்டு நின்றதையும் மறையுரைகள் நமக்கு எடுத்துரைக்கின்றன. ஆயினும் புனித லூக்கா குறித்து வைத்துள்ள ஒரு சிறு விவரம் பெரும்பாலும் நம் கண்ணில் படுவதில்லை. சமாரியர் அம்மனிதரின் காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார். அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது? அடிபட்டுக் கிடந்தவரைக் கண்ட பிறகு ஓடிச் சென்று வாங்கி வந்ததன்று. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் அந்தப் பாலை வழியில் கடை ஏது? வீட்டை விட்டுப் புறப்படும்போதே அது அவருடைய பையில் இருந்திருக்க வேண்டும். பரிவு அந்த நொடியில் பிறந்தது. எண்ணெயோ அதற்கு முன்பே எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

இங்கே ஓர் அறநெறி வினா எழுகிறது. முன்கூட்டியே செய்யப்படும் ஆயத்தம் அன்பின் ஒரு பகுதியா, அல்லது அன்புக்கு வெளியே நிற்கும் உலகியல் முன்யோசனை மட்டுமா? இன்னும் முகம் அறியாத ஒருவரை, இன்னும் நேராத துன்பத்தின்பொருட்டு, இன்றே அன்பு செய்ய இயலுமா? ஆயத்தம் செய்தும் அதற்குத் தேவையே வராமற் போனால் அந்த உழைப்பெல்லாம் வீண்தானா?

இவ்வினாக்களைக் கருத்தளவில் மட்டும் அலசுவதைவிட, மனிதர் சிலரின் வாழ்வில் வைத்துப் பார்ப்பது நலம். அதற்கு நாம் எடுத்துக்கொள்வது அமெச்சூர் வானொலியாளர்களின் பணியை.

விருப்பத்தால் செய்வோர்

'ஹாம்' என்பது இவர்களுக்கு உலகெங்கும் வழங்கும் செல்லப் பெயர். வீட்டு மாடியில் ஒரு கம்பியைக் கட்டி, மேசைமேல் ஒரு கருவியை வைத்துக்கொண்டு, கடல் கடந்தும் கண்டம் கடந்தும் தம்மைப் போன்ற பிறரோடு உரையாடுவது இவர்களது ஈடுபாடு. கருவியைத் தம் கையாலேயே செய்துகொள்வோரும் உண்டு. ஆனால் ஆசை மட்டும் போதாது. நம் நாட்டில் மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சகம் நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும். மின்னியலிலும் வானொலி நுட்பத்திலும் விதிமுறைகளிலும் தேர்ச்சி காட்டியவர்க்கு ஓர் அழைப்புக்குறி வழங்கப்படும். 'வி.யு.' என்று தொடங்கும் குறியைக் கேட்டவுடன், பேசுபவர் இந்தியர் என்பதை உலகின் மறுகோடியில் இருப்பவரும் அறிந்துகொள்வார்.

'அமெச்சூர்' என்ற சொல்லுக்கு நாம் 'கற்றுக்குட்டி' என்று பொருள் கொள்வது வழக்கம். அதன் வேராகிய இலத்தீன் வினைச்சொல்லோ அன்பு செய்தலைக் குறிப்பது. கூலிக்காக அன்றி, ஒன்றன்மேல் கொண்ட அன்பினால் அதைச் செய்பவரே அமெச்சூர். பன்னாட்டு வானொலி ஒழுங்குவிதிகளும் இதையே வரையறையாக வைத்துள்ளன. இப்பணியில் பண ஆதாயம் கருதுதல் ஆகாது. வேறொரு விதியும் நம் சிந்தனைக்கு உரியது. அமைதியான நாள்களில் ஹாம் ஒருவர் நாடு விட்டு நாடு பிறர்பொருட்டுச் செய்தி அனுப்புவதை அவ்விதிகள் பொதுவாக ஏற்பதில்லை. தம் கருவியைப் பற்றியும் வானிலையைப் பற்றியும் தம்மைப் பற்றியும் பேசிக்கொள்ளலாம், அவ்வளவே. நெருக்கடியும் பேரிடரும் நேரும்போது அந்தத் தடை விலகுகிறது. தமக்கென்று திறந்து வைத்த வாயில், துன்பம் வந்த வேளையில் பிறருக்கான வாயிலாக மாறுகிறது.

எல்லார் கையிலும் செல்பேசி இருக்கையில் இந்தப் பழைய கலை எதற்கு என்று வினவலாம். செல்பேசி தனித்து இயங்குவதன்று. அதற்குக் கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். கோபுரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் வடங்கள் அறுபடாமல் இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரமே தாங்கும். அனைத்தும் இயங்கினாலும், ஊரே ஒரே வேளையில் அழைத்தால் இணைப்புக் கிடைக்காது. ஹாம் கருவிக்கோ 12 வோல்ட் கார் பேட்டரி ஒன்றும், இரு மரங்களுக்கிடையே கட்டிய கம்பி ஒன்றும் போதும். அதிலிருந்து எழும் சிற்றலை, வானின் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைக் கடந்துவிடும். கையடக்கக் கருவிகள் அண்மைத் தொலைவுக்கே பயன்படும் என்றாலும், கேட்டதைத் திருப்பி ஒலிபரப்பும் கருவி ஒன்றைக் குன்றின்மேல் நிறுவினால் பரந்த ஒரு வட்டாரத்தையே இணைத்துவிடலாம்.

2004, டிசம்பர் 26

ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 2004 டிசம்பரில் போர்ட் பிளேரில் இருந்தனர். அந்தமான் தீவுகளிலிருந்து ஹாம் ஒலிபரப்புச் செய்ய அதற்கு முன் பல ஆண்டுகளாக யாருக்கும் இசைவு கிட்டியிருக்கவில்லை. எனவே அத்தீவிலிருந்து எழும் ஒரு குரலைக் கேட்கவும், தொடர்புகொண்டதற்குச் சான்றான அட்டையைப் பெறவும் உலகெங்கும் ஹாம்கள் ஆவலோடு காத்திருந்தனர். உள்ளபடி சொல்வதானால், அது பிறர்துயர் துடைக்கப் புறப்பட்ட பயணமன்று. விருப்பத்தால் விளைந்த ஒரு பயணம். ஒரு வகையில் விளையாட்டு.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. திருச்சபை திருக்குடும்ப விழாவைக் கொண்டாடிய நாள். காலை ஆறரை மணியளவில் நிலம் நடுங்கியது. பின்னர்க் கடல் எழுந்தது. தொலைபேசித் தொடர்பு அறுந்தது, மின்சாரம் நின்றது. விளையாட்டும் அத்தோடு நின்றது. கருவி அதேதான், கம்பி அதேதான், பேசுவோரும் அவர்களே. ஆனால் பேசும் பொருள் மாறிவிட்டது. தீவுகளின் நிலை தாயகக் கரைக்கு எட்டியது. உற்றாரைப் பற்றி ஏதும் அறியாமல் தவித்தோருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. கார் நிக்கோபார்த் தீவில் விமானப்படைத் தளமே பேரலையால் சிதைந்து போயிருந்தது. பின்னர் அங்கும் ஹாம்களின் நிலையம் ஒன்று அமைந்தது.

நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் நம் மக்களை வாரிச் சென்றதும் அதே காலையில் எழுந்த அதே அலைதான். அந்தமானில் தமிழர் பலர் வாழ்கின்றனர். அவர்தம் உறவினர் நம் ஊர்களில் இருக்கின்றனர். அந்நாள்களில் 'உயிரோடு இருக்கிறார்' என்ற ஒரு சொல்லுக்காக எத்தனை வீடுகள் அடுப்பு மூட்டாமல் காத்திருந்திருக்கும்! பசித்தோர்க்கு உணவும், ஆடையற்றோர்க்கு ஆடையும் தருதலை இரக்கச் செயல்கள் என்று மறைக்கல்வியில் படித்தோம். தவித்திருக்கும் தாய்க்கு மகனைப் பற்றிய ஒரு சொல்லைக் கொண்டு சேர்ப்பதும் இரக்கச் செயலே என்பதை அந்த டிசம்பர் நமக்குக் கற்பித்தது.

இது ஒருமுறை மட்டும் நிகழ்ந்ததன்று. 1999 அக்டோபரில் ஒடிசாவைப் பெரும்புயல் தாக்கியபோதும், 2001 சனவரி 26 அன்று குஜராத்தில் பூமி அதிர்ந்தபோதும் ஹாம்கள் கருவிகளோடு களத்திற்குச் சென்றனர். ஆழிப்பேரலை இலங்கையைத் தாக்கியபோது, அந்நாட்டு ஹாம்கள் ஹம்பாந்தோட்டைக்குச் சென்று, துண்டிக்கப்பட்ட அத்தென்கரையைச் சிற்றலை வழியே கொழும்போடு இணைத்தனர்.

இன்பம் இருந்தால் அறம் குறையுமா?

இப்போது நம் வினாவுக்குத் திரும்புவோம். முதலில் ஒரு மறுப்பு. இம்மனிதர்கள் தம் மகிழ்ச்சிக்காகவே கருவி வாங்கினர். தம் மகிழ்ச்சிக்காகவே இரவெல்லாம் விழித்திருந்து பேசினர். தற்செயலாகத் துன்பம் வந்தது. கையில் இருந்தது பயன்பட்டது. இதில் அறம் எங்கே இருக்கிறது?

செருமானிய மெய்யியலார் கான்ட் இந்த மறுப்பை ஓரளவு ஏற்றிருப்பார். விருப்பத்தின் தூண்டுதலால் செய்வதைவிடக் கடமையுணர்வால் செய்வதிலேயே அறத்தின் மதிப்பு விளங்குகிறது என்பது அவர் கருத்து. நம் திருச்சபையின் மரபு வேறு வழி செல்கிறது. புனித தோமா அக்குவினார், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, நற்செயலை மகிழ்வோடு செய்வது நற்பண்பு முதிர்ந்ததன் அடையாளம் என்று கற்பிக்கிறார். முகம் சுளித்துக்கொண்டு கொடுப்பவரைவிட மகிழ்ந்து கொடுப்பவரிடமே கொடைப்பண்பு நிறைவாக வேரூன்றியுள்ளது. எனவே இன்பம் இருப்பதால் அறம் குறைந்துபோவதில்லை. அந்த இன்பம் எதற்குத் தயாராக இருக்கிறது என்பதையே நாம் கேட்க வேண்டும்.

சமாரியரின் எண்ணெயும் அவருடைய சொந்தத் தேவைக்கென்றே வைக்கப்பட்டிருக்கலாம். தம் உணவுக்கு, தம் களைப்புக்கு, தமக்கே காயம் நேர்ந்தால் தடவுவதற்கு. அப்படியே இருக்கட்டும். தமக்கென வைத்திருந்ததைத் தயக்கமின்றிப் பிறர் காயத்தில் ஊற்றினாரே, அங்கேதான் அவருடைய பொருள் முழுவதும் அன்பின் பொருளாக மாறியது. போர்ட் பிளேரில் ஆசைக்கெனக் கட்டிய கம்பிக்கும் அதுவே நேர்ந்தது. இறைவன் நமக்குத் தந்துள்ள விருப்பங்களும் திறமைகளும் இவ்வாறே. தச்சு வேலையில் ஆசை, நீச்சலில் ஆசை, மொழிகளில் ஆசை, இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டுவதில் ஆசை. இவை ஒவ்வொன்றும் என்றோ யாருக்கோ எண்ணெயாகக்கூடும்.

பயன்படாத ஆயத்தம் வீணா?

இரண்டாம் வினா இதைவிடக் கடினமானது. எல்லா ஹாம்களுக்கும் போர்ட் பிளேர் வாய்ப்பதில்லை. முப்பது ஆண்டுகள் பேட்டரிக்கு மின்னேற்றி, பயிற்சி ஒலிபரப்புகளில் கலந்துகொண்டு, ஒரு நெருக்கடிச் செய்தியைக்கூட ஏந்தாமல் கண்மூடியவர்கள் எத்தனையோ பேர். மறைந்த ஹாமை 'ஓசை அடங்கிய தந்திச் சாவி' என்று சக ஹாம்கள் குறிப்பிடுவது மரபு. அச்சாவி ஒருநாளும் ஓர் உயிரைக் காக்கவில்லையென்றால், அவர் கற்றதும் காத்ததும் பயனற்றவையா?

நற்பண்பை இலத்தீன் இறையியல் பழக்கம் என்ற சொல்லால் குறிக்கிறது. மீண்டும் மீண்டும் செய்வதால் மனத்தில் ஊன்றி நிற்கும் நிலையே அது. செயலுக்கான வாய்ப்பு வராதபோதும் நற்பண்பு உள்ளத்தில் இருக்கவே செய்கிறது. உறங்குகின்ற நீதிமானும் நீதிமானே. அவ்வாறெனில், பிறர்பொருட்டு விழித்திருக்கப் பழகிய ஒருவர், விழிப்பு தேவைப்படாத ஆண்டுகளிலும் அன்புள்ளவராகவே வாழ்கிறார். ஊரில் தீப்பிடிக்காத ஆண்டில் தீயணைப்பு வீரர் வாங்கிய சம்பளம் வீண் என்று நாம் சொல்வதில்லை. சம்பளமே வாங்காத ஒருவரின் காத்திருப்பை மட்டும் ஏன் வீண் என்று சொல்ல வேண்டும்?

பத்துக் கன்னியர் உவமை இங்கே புதிய பொருள் தருகிறது. முன்மதியுள்ள ஐவர் தம் எண்ணெயைப் பகிர மறுத்தது கல்நெஞ்சம் போலத் தோன்றி, நம்மில் பலருக்கு நெருடலாக இருக்கும். ஆனால் சில பொருள்கள் கடைசி நேரத்தில் கடன் கொடுக்க இயலாதவை. கருவியை இரவல் தரலாம். அதனை இயக்கும் பழக்கத்தை இரவல் தர முடியாது. இரைச்சலுக்கிடையே ஒரு மெல்லிய குரலைப் பிரித்துக் கேட்கும் காதை நள்ளிரவில் அண்டை வீட்டாரிடம் வாங்கி வர முடியாது. ஆயத்தம் என்பது ஒவ்வொருவரும் தமக்குத்தாமே செய்துகொள்ள வேண்டிய ஒன்று. அன்பில் பரிவுக்கு மட்டுமன்றித் திறமைக்கும் இடம் உண்டு. நல்லெண்ணம் மட்டும் உள்ளவர் நீரில் மூழ்குபவரைக் கண்டு அழலாம். நீந்தக் கற்றவரே அவரைக் கரைசேர்க்க முடியும்.

முதலில் கேள்

ஹாம்களின் ஒழுக்கத்தில் நாம் கற்க வேண்டியவை மேலும் இரண்டு உண்டு. பேசுமுன் கேட்பது முதலாவது. கருவியைத் திறந்தவுடன் பேசத் தொடங்குவது அவர்களிடையே அநாகரிகம். அந்த அலைவரிசையில் வேறொருவர் பேசிக்கொண்டிருக்கலாம். அவர் குரல் மெலிந்திருக்கலாம். நெருக்கடி வேளையில் ஒரு நிலையம் ஒழுங்குபடுத்தும் பொறுப்பை ஏற்கும். ஏனையோர் அது அழைத்தால் மட்டுமே பேசுவர். உயிருக்குப் போராடும் ஒருவரின் செய்தி வரும்போது மற்ற எல்லாரும் வாய்மூடி அதற்கு வழிவிடுவர். அந்த நேரத்தில் நூறு பேரின் மௌனமே ஒருவருக்குச் செய்யப்படும் அறம். நம் பங்குக் கூட்டங்களிலும் அன்பியக் கூடுகைகளிலும் மெலிந்த குரலுக்கு இப்படி வழிவிடுகிறோமா?

கேட்டதைக் கேட்டவாறே சொல்வது இரண்டாவது. வந்த செய்தியை எழுதிக்கொண்டு, அனுப்பியவரிடமே திரும்பப் படித்துக் காட்டிச் சரிபார்ப்பது பயிற்சி பெற்றவரின் முறை. பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வர், ஊகத்தைச் சேர்க்கமாட்டார், தமக்கு அல்லாத செய்தியை வெளியில் பேசமாட்டார். 2004 டிசம்பர் 30 அன்று, மீண்டும் பேரலை வருகிறது என்ற செய்தி பரவி, நம் கடற்கரை மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது பலருக்கு நினைவிருக்கும். அலை வரவில்லை. பேரிடர்க் காலத்தில் உறுதிப்படாத ஒரு சொல்லும் மக்களைத் துன்புறுத்தும் என்பதை அன்று கண்டோம். பொய்ச்சான்று சொல்லாதிருத்தல் என்ற கட்டளை நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று. வந்ததை வந்தவுடன் பத்துப் பேருக்கு அனுப்பிவிடும் நம் காலத்துப் பழக்கத்துக்கும் அது பொருந்தும்.

இதற்கெல்லாம் ஓர் எல்லையும் உண்டு. காவல் துறையும் பேரிடர் மீட்புப் படையும் செய்ய வேண்டியதைத் தன்னார்வலர் தம் தலைமேல் போட்டுக்கொள்வதில்லை. திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1931ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் விளக்கிய துணைமைக் கொள்கை, சிறிய அமைப்புகள் செய்யக்கூடியதைப் பெரிய அமைப்புகள் பறித்துக்கொள்ளலாகாது என்கிறது. அதே நேரத்தில் அரசின் கடமையை அது தள்ளுபடி செய்வதுமில்லை. நல்ல ஹாம் இதை அறிவார். அழைக்கப்பட்ட இடத்துக்குச் செல்வார். அழைக்காத இடத்தில் நெரிசலைக் கூட்டமாட்டார். தம் உணவையும் நீரையும் பேட்டரியையும் தாமே சுமந்து செல்வார். துன்புற்ற ஊருக்குத் தாமும் ஒரு சுமையாகமாட்டார். வந்த செய்தி உரியவரைச் சேர்ந்ததும், தம் பெயர் எங்கும் இடம்பெறாமல் வீடு திரும்புவார். மழை உலகத்திடம் கைம்மாறு கேட்பதில்லை என்று வள்ளுவர் 'ஒப்புரவறிதல்' அதிகாரத்தில் சொல்லும் கருத்துக்கு இவர்கள் வாழும் எடுத்துக்காட்டு.

ஒரு புனிதரின் ஆயத்தம்

அமெச்சூர் வானொலியாளர்கள் தம் பாதுகாவலராகப் போற்றும் புனிதர் மாக்சிமிலியன் கோல்பே. போலந்து நாட்டுப் பிரான்சிஸ்கன் துறவியாகிய இவரே ஒரு ஹாம், எஸ்.பி.3 ஆர்.என். என்பது அவருடைய அழைப்புக்குறி. தாம் நிறுவிய நியெபோகலானுவ் துறவு மடத்தில் அச்சகம் நடத்தினார். 1938இல் அங்கே வானொலி நிலையமும் தொடங்கினார். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில், பட்டினியால் சாகும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட பத்துப் பேருள் மனைவி மக்களை நினைத்துக் கதறிய ஒருவருக்காகத் தாம் முன்வந்து, 1941 ஆகஸ்ட் 14 அன்று உயிர் நீத்தார்.

அணிவகுப்பிலிருந்து அவர் முன்னே எடுத்து வைத்த அந்த ஓரடியை உலகம் அறியும். அந்த அடி அந்த நொடியில்தான் தோன்றியதா? மடத்தின் மணியோசைக்குக் கீழ்ப்படிந்து கழித்த ஆண்டுகள், இரவுச் செபங்கள், நோயிலும் விடாத உழைப்பு, தமக்கென எதையும் வைத்துக்கொள்ளாத வாழ்வு ஆகியவை அந்த எண்ணெயைத் துளித்துளியாகச் சேர்த்தன. ஆஷ்விட்ஸ் வரவில்லையென்றால் அவ்வெண்ணெய் வீணாகியிருக்குமா? ஆகியிருக்காது. அவர் அப்போதும் புனிதராகவே இருந்திருப்பார். நாம்தான் அறியாமல் போயிருப்போம்.

நம் பையில் என்ன இருக்கிறது?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் தென்கோடிக் கடலில் வீசியபோது, கன்னியாகுமரிக் கரையின் மீனவர் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். கரையில் அறிந்த செய்தி கடலில் இருந்தவர்க்கு எட்டவில்லை. படகுகளில் இருந்த கருவிகளின் குரல் கரை வரை வரவில்லை. செய்தி எட்டாமை என்பது நம் மக்களுக்கு ஏட்டுச் சொல்லன்று. கல்லறைகளிலும் வெறுமையான திண்ணைகளிலும் எழுதப்பட்ட உண்மை.

எல்லாரும் ஹாம் ஆக வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. கடற்கரைப் பங்குகளின் இளைஞர் சிலர் அத்தேர்வை எழுதினால் நன்று. 12 வயது நிறைந்தவர்க்கும் அந்த வாயில் திறந்தே உள்ளது. ஏனையோர்க்கு வேறு எண்ணெய் உண்டு. நம் அன்பியத்தில் படுக்கையைவிட்டு எழ இயலாதவர் யார் யார், வெள்ளம் வந்தால் எந்த வீட்டில் தூக்கிச் செல்ல இருவர் வேண்டும், எவருடைய இரத்தம் எந்தப் பிரிவு, மின்சாரம் நின்றால் மருத்துவக் கருவி நின்றுபோகும் வீடு எது என்பவற்றை அறிந்து வைத்திருத்தல் பெரிய கல்வியன்று. முதலுதவி கற்பதும் நீந்தக் கற்பதும் பெருஞ்செலவன்று. இவற்றுக்குப் புகழும் இல்லை, படமும் வராது. தேவை நேரும்வரை இவை நம்மிடம் இருப்பதே எவர்க்கும் தெரியாது.

திருப்பலியின் தொடக்கத்தில் நாம் செய்த தவறுகளோடு, கடமையில் தவறியதையும் அறிக்கையிடுகிறோம். குருவும் லேவியரும் செய்தது அத்தகைய தவறு. ஆனால் வேறொரு வழிப்போக்கரை எண்ணிப் பார்ப்போம். அவர் விலகிப் போகவில்லை, காயப்பட்டவர் அருகே மண்டியிட்டார், மனம் உருகினார், பையைத் திறந்தார், அதில் ஒன்றும் இல்லை. அவருடைய கண்ணீர் உண்மையானது. இறைவன் அதைத் தள்ளமாட்டார். ஆயினும் புண்ணில் வார்க்க எண்ணெய் இல்லை. எரிகோ சாலை நம் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலிருந்தும் தொடங்குகிறது. நாளை அவ்வழியில் யாரைக் காண்போம் என்பதை நாம் அறியோம். இன்று மாலை விளக்கேற்றிச் செபமாலை சொல்லி முடித்தபின், ஒரு நொடி அமைதியில், நம் பையைத் திறந்து பார்ப்போமாக.